இதயம் தேறுகிறதா என்று ரத்தத்திடம் கேட்டவர்கள்

ரத்தம் எடுக்கிற வேலையில் ரத்தம் எடுப்பதுதான் சுலபமான பகுதி. கையைக் கட்டி, நரம்பைத் தடவி, ஊசியைப் போட்டு, குழாயை நிரப்பி, பஞ்சை வைத்து அழுத்தினால் முடிந்தது. கஷ்டம் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. முன்னால், எந்தப் பரிசோதனையைச் செய்வது என்ற கேள்வி. பின்னால், ரிப்போட் வரும்வரை கதிரையில் காத்திருக்கிற ஆளின் முகம்.

கல்முனையில் ஒரு சின்னப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். எங்களிடம் இதய வருத்தக்காரர் நிறைய வருவார்கள். அட்டாக் வந்து மீண்டவர்கள், பைபாஸ் செய்தவர்கள், வால்வு மாற்றியவர்கள். "ஒண்டுமில்ல, பயப்படாதீங்க" என்று அவர்களுக்குப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்வதற்கு எனக்கு ஒரு செலவும் இருக்கவில்லை. பிறகு ஒரு நாள் சாய்ந்தமருதில், எங்கள் வீட்டுக் குசினி வாசலில், என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் பஸ் ஓட்டுகிறவர். நெற்றியில் வியர்வை கொட்டியது, வாயில் பேச்சு வரவில்லை. ஸ்டென்ட் வைத்து அவரை வீட்டுக்குக் கூட்டி வந்த நாளிலிருந்து நானும் உங்களில் ஒருத்தி. ரிப்போட்டைக் கையில் வாங்கியதும் ஒரு தரம் கண்ணை மூடிக்கொண்டு பிறகு திறக்கிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் பக்கத்துக் கதிரையில் நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வாசியுங்கள். இனிச் சொல்லப்போகிறவை எல்லாம் அதற்குப் பிந்திய ஒரு வருஷத்துக்குள் நடந்தவை.

எல்லாத்தையும் எடுங்க

மாளிகைக்காட்டில் மீன்பிடிப் படகு வைத்திருக்கிற ஹாஜியார் ஒருவர் மனைவியோடு வந்தார். பைபாஸ் செய்த தழும்பு சட்டைப் பொத்தானுக்கு மேலே எட்டிப் பார்த்தது. பரிசோதனை எழுதின டொக்டரின் துண்டு இல்லை. எங்கள் சுவரில் பரிசோதனைகளின் பெயர்களை வரிசையாக எழுதி ஒட்டியிருக்கிறோம். அதை மேலிருந்து கீழே வரைக்கும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "இது எல்லாத்தையும் எடுங்க மகள்" என்றார். "டொக்டர் எதை எடுக்கச் சொன்ன ஹாஜியார்?" என்று கேட்டேன். "டொக்டர் எல்லாம் நல்லா இரிக்கி, மூணு மாசத்தால வாங்க எண்டு சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்த மூணு மாசமும் நான் என்னத்தப் புடிச்சிட்டு இரிக்கிற?" என்று திருப்பிக் கேட்டார்.

என் வீட்டிலும் அதே கேள்விதான் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் என் கடமைக்குச் சொன்னேன். அந்த வரிசையில் டெங்கு இருக்கிறது, வாதக் காய்ச்சல் இருக்கிறது, புள்ள உண்டாகியிருக்கா என்று பார்க்கிற பரிசோதனையும் இருக்கிறது, அதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்றேன். அவருடைய மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஹாஜியார் சிரிக்கவில்லை. சுவரை இன்னொரு தரம் பார்த்தார். "கடைசியாச் சொன்னத மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்தையும் எடுங்க மகள். வருத்தம் எதுக்குள்ள ஒளிச்சிட்டு இரிக்கிண்டு ஆருக்குத் தெரியும்?"

சேரின் திங்கட்கிழமை

பாண்டிருப்பிலிருந்து வருகிற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரை நாங்கள் சேர் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அட்டாக் வந்தபோது ட்ரோப்போனின் என்கிற பரிசோதனையின் அளவு கூடியிருந்ததைக் கண்டுதான் டொக்டர்மார் வருத்தத்தை உறுதி செய்தார்கள். அந்தச் சொல் சேரின் மனதுக்குள் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. திங்கட்கிழமைகளில் நாங்கள் கதவைத் திறக்க முந்தியே வாசலில் நிற்பார். "மிஸ், ட்ரோப்போனின்."

"சேர், இதயத் தசை அடிபட்டாத்தான் அது ரத்தத்தில கூடும். நெஞ்சு நோவு வந்த நேரம் ஆஸ்பத்திரியில பாக்கிற பரிசோதனை அது. நல்லா நடந்து திரியிற ஆளுக்குக் கிழமைக்குக் கிழமை பாத்து ஒண்டும் ஆகாது" என்று சொல்லிப் பார்த்தேன். சேர் தலையை ஆட்டுவார். ஆட்டிக்கொண்டே கையை நீட்டுவார். ரிப்போட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போகும்போது அவருடைய நடையே வேறாக இருக்கும். அந்தத் தைரியம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தோடு முடிந்துபோகும் என்று அவரே ஒரு தரம் சொன்னார்.

ஒரு நாள், திங்கட்கிழமை இல்லாத ஒரு நாள், சேர் வந்தார். நெற்றி முழுக்க வியர்வை, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கதிரையில் அமர்ந்து கையை நீட்டினார். "நெஞ்சு கொஞ்சம் இறுகுது மிஸ். கெதியா எடுங்க. ரிப்போட் சரியெண்டா வீட்ட போயிருவன்." எங்கள் குசினி வாசலில் நான் பார்த்த அதே வியர்வை. ஊசியை நான் தொடவே இல்லை. "எடுக்கமாட்டன் சேர், எழும்புங்க" என்றேன். "உங்களுக்கென்ன விசரா?" என்று சத்தம் போட்டார். வாசலில் நின்ற ஓட்டோவில் அவரை ஏற்றி, நானும் ஏறி, ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஈசிஜி எடுத்து முடிந்த கையோடு மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் ஓதினேன். சேர் பிழைத்துக்கொண்டார். அடுத்த மாதம் டொக்டரின் துண்டோடு கொலஸ்ட்ரோல் பார்க்க வந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இவ்வளவு நாளும் ரிப்போட்டுக்குத்தான் பயந்தனான் மிஸ். நீங்க ரத்தம் எடுக்கமாட்டன் எண்டு சொன்ன நேரம்தான் நெஞ்சுக்குப் பயந்தனான்."

முருங்கையிலைச் சுண்டல்

மருதமுனையில் நெசவுக் குடும்பமொன்றில் மருமகளாகப் போனவள் நஸ்ரின். சின்ன வயது. இதயத்தில் ஒரு வால்வை மாற்றி உலோக வால்வு வைத்திருந்தார்கள். அதில் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு குளிசை மாத்திரை. அந்தக் குளிசையின் அளவு சரியா என்று பார்க்க ஐஎன்ஆர் என்கிற பரிசோதனை. அது குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கூடினால் ரத்தம் நிற்காமல் ஓடும். நஸ்ரினுடைய அளவு பல மாதம் சொன்ன இடத்தில் நின்றது. திடீரென்று இறங்கியது. கிளினிக்கில் குளிசையைக் கூட்டினார்கள். அடுத்த முறையும் இறங்கித்தான் வந்தது. குளிசை குடிக்கிறாயா என்று நான் கேட்க அவள் அழுதே விட்டாள். "அல்லாஹ்வுக்காகச் சொல்லுறன் மிஸ், ஒரு நாள்கூட விடல்ல."

அதற்குள் ஒரு விடியக்காலை பிளேன்டீக் கோப்பை அவளுடைய கையிலிருந்து விழுந்து உடைந்தது. விரல்கள் கொஞ்ச நேரம் சொல்வழி கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விடாமல் மறித்து வைத்துப் பார்த்தார்கள். வால்வில் இருந்து போன ஒரு சின்னக் கட்டி மூளைப் பக்கம் தொட்டுவிட்டுக் கரைந்திருக்கலாம் என்றார்கள். வார்ட்டில் ஒரு டொக்டர்தான் சாப்பாட்டை ஒவ்வொன்றாக விசாரித்தார். அப்போதுதான் நஸ்ரினைப் பெற்ற உம்மா வாயைத் திறந்தார். ஒவ்வொரு முறையும் குழாய் குழாயாக ரத்தம் எடுக்கிறார்களே, அது திரும்ப ஊற வேண்டாமா என்று, பகலும் இரவும் மகளுக்கு முருங்கையிலைச் சுண்டல் கொடுத்திருக்கிறார். அந்தக் குளிசையின் வேலையைக் கீரை அதிகமானால் குறைத்துவிடும். கீரையை அடியோடு நிறுத்தத் தேவையில்லை, எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நஸ்ரினின் கை தேறிவிட்டது. ஆனால் உம்மா அடுத்த தரம் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "ரெத்தம் ஊறட்டும் எண்டு குடுத்தது இப்புடி வினையாகும் எண்டு நான் கண்டனா மகள்? நீங்க எடுக்க எடுக்க எனக்குப் பயமா இரிந்திச்சு, அதான் குடுத்த."

நல்ல ரிப்போட்டின் கதை

வீரமுனையில் வயல் செய்கிற ஒருவர், ஸ்டென்ட் வைத்தவர். கெட்ட கொலஸ்ட்ரோல் நன்றாக இறங்கி ரிப்போட் வந்தது. நான்தான் சந்தோஷத்தோடு கையில் கொடுத்தேன். அதைத் தேத்தண்ணிக் கடையில் காட்டினார், கோயிலில் காட்டினார், வரம்பில் போனவர் வந்தவருக்கெல்லாம் காட்டினார். பிறகு கொஞ்ச காலம் ஆளைக் காணவில்லை. திரும்ப வந்தபோது மனைவி பக்கத்தில் இருந்தார். மதகுப் பலகையைத் தூக்கும்போது நெஞ்சு பிடிக்கிறதாம். ரத்தம் எடுத்துப் பார்த்தால் கொலஸ்ட்ரோல் பழைய இடத்துக்கே ஏறியிருந்தது.

"குளிசை குடிக்கிறீங்களா அண்ணன்?" என்று கேட்டேன். அவர் சுழல்கிற மின்விசிறியைப் பார்த்தார். "வயல்ல களை செத்தாப் பிறகும் மருந்து அடிக்கிறதா மிஸ்?" என்றார் மெதுவாக. குளிசை குடித்ததால்தான் ரிப்போட் நல்லா வந்தது, நல்லா வந்ததால் குளிசையை விடக் கூடாது என்று நான் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டே யோசித்தேன்: நல்ல ரிப்போட்டைக் கொடுக்கும்போது இதையும் சேர்த்து எத்தனை பேருக்குச் சொன்னோம்? அவரை அன்றைக்கே கிளினிக்குக்கு அனுப்பினோம். மறுபடி குளிசை தொடங்கி, இப்போது வயலுக்குப் போகிறார். அன்று அவருடைய மனைவி அவரோடு கதைக்கவில்லை, என்னோடுதான் கதைத்தார். "ரிப்போட்ட ஊரெல்லாம் காட்டின மனுசன், குளிசைய நிப்பாட்டினத என்னட்டக்கூடச் சொல்லல்ல மிஸ்."

நோன்பு

சில பரிசோதனைகளுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லுவோம். மற்ற மாதங்களில் அது பெரிய போராட்டம். "ஒண்ணும் சாப்பிடல்ல" என்று சொல்கிற வாயில் முட்டை அப்ப வாசம் வீசும். றமழான் வந்தால் தலைகீழ். பின்னேரத்து அசர் தொழுதுவிட்டு ஆட்கள் வரிசையாக வந்து நிற்பார்கள், வயிறு எப்படியும் காலிதானே. ஆனால் அப்போது வேறொரு பயம். ரத்தம் எடுத்தால் நோன்பு முறியுமா? அன்று வரிசையில் எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல் மௌலவியும் நின்றார், அவருக்கும் இதய வருத்தம். எல்லோரும் அவரைக் கேட்டார்கள். பரிசோதனைக்குக் கொஞ்சமாக எடுப்பதால் முறியாது என்று தெளிவாக விளக்கம் சொன்னார். ஆட்களின் மனம் ஆறியது. பிறகு அவருடைய முறை வந்தது. ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்து, கதிரையின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். "நோன்பு முறியாது புள்ள. நான்தான் முறிஞ்சிருவன் போல இரிக்கி."

டொக்டரிடம் நான் ஒப்பித்த பாடம்

வீட்டுக்காரரின் கிளினிக் நாள் வந்தது. டொக்டர் எந்த எந்தப் பரிசோதனையை எழுதப் போகிறார் என்று பல நாளாக எனக்கு நித்திரை இல்லை. வேலை தெரிந்தவளுக்கு வருகிற பயம் தெரியாதவளின் பயத்தைவிட மோசம். தெரியாதவள் கொலஸ்ட்ரோல் என்ற ஒன்றுக்குத்தான் பயப்படுவாள். எனக்கு எத்தனை பெயர் தெரியுமோ அத்தனைக்கும் பயம். டொக்டர் பேனாவை எடுத்தவுடன் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். இது பார்ப்போம், அது பார்ப்போம், வீக்கத்தைக் காட்டுகிற சிஆர்பி, இதயம் களைத்தால் கூடுகிற பிஎன்பி, தசையைப் பார்க்கிற சிபிகே, ட்ரோப்போனினையும் ஒரு தரம் பார்த்தால் என்ன? மாளிகைக்காட்டு ஹாஜியாருக்கு நான் சொன்ன அறிவுரை எதுவும் அந்த நேரம் என் ஞாபகத்தில் இல்லை.

டொக்டர் என்னைப் பார்க்கவில்லை, வீட்டுக்காரரைப் பார்த்தார். "மேல் மாடிக்கு ஏறினா மூச்சு வாங்குதா? கால் வீங்குதா?" இல்லை என்றார். "அப்ப பிஎன்பி இப்ப வேணாம். குளிசை தொடங்கின பிறகு தசை நோகுதா?" அதுவும் இல்லை. "அப்ப சிபிகேயும் வேணாம்." அவர் எழுதினவை கொஞ்சம்தான். குளிசை வேலை செய்கிறதா என்று அறியக் கொலஸ்ட்ரோல். அந்தக் குளிசையை ஈரல் தாங்குகிறதா என்று ஈரல் பரிசோதனை ஒரு தரம். பிரஷர் குளிசையைச் சிறுநீரகம் தாங்குகிறதா என்று கிரியேட்டினினும் பொட்டாசியமும். சீனி வருத்தமும் இருப்பதால் ரத்தத்தில் மூன்று மாதச் சீனியின் அளவு. எனக்குப் போதவில்லை. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் துண்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: "மிஸ், ஒரு பரிசோதனை கேக்க முந்தி இத யோசிங்க. ரிப்போட் எப்பிடி வந்தாலும் நான் மருந்த மாத்தப் போறதில்ல எண்டா, அந்த ரத்தம் அவர்ட உடம்பிலயே இரிக்கட்டும்."

பொட்டாசியம்

அந்தக் கொஞ்சப் பரிசோதனைக்கே நான் செத்துப் பிழைத்தேன். வீட்டுக்காரரின் கையில் நானேதான் ஊசி போட்டேன். வேறு யாரையும் தொட விடவில்லை. நரம்பு சட்டென்று அகப்படவில்லை. கையில் போட்ட கட்டு கூடுதல் நேரம் இருந்தது. அவர் கையை இறுகப் பொத்திப் பொத்தித் திறந்தார். பஸ் ஸ்டியரிங் பிடிக்கிற கை அது. எடுத்து முடித்ததும், மீன் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சந்தைப் பக்கம் போனார். எங்கள் மெஷினைப் பார்க்கிற யோகா அக்கா காரைதீவுக்காரி, என்னைவிட மூத்தவர், அதிர்ந்து பேசாத மனுசி. உள்ளறைக் கதவைத் திறந்து, "ஒருக்கா உள்ளுக்கு வா" என்று மட்டும் சொன்னார். பொட்டாசியம் இருக்க வேண்டிய அளவுக்கு மேலே எங்கேயோ நின்றது. அந்த அளவில் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகலாம் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அப்படி வந்தால் நான்தான் போன் எடுத்துச் சொல்கிறவள்.

அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வேலைச் சட்டையோடு சந்தைக்கு ஓடினேன். தெருவில் யார் பார்த்தார்கள், யார் கூப்பிட்டார்கள், ஒன்றும் தெரியாது. மீன்காரர்களின் கூட்டத்துக்குள் அவர் கீரி மீனுக்கு விலை பேசிக்கொண்டு சுகமாக நின்றார். நான் போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்க, மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "என்ன புள்ள, என்ன நடந்த?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நேரே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் ஈசிஜி எடுத்தோம். பழுதில்லை. யோகா அக்காவும் அங்கே வந்துவிட்டார். அவர் கட்டை இறுக்காமல், கையை விரித்து வைக்கச் சொல்லி, புதிதாக ரத்தம் எடுத்தார். ஆஸ்பத்திரியிலும் பார்த்தார்கள், எங்கள் மெஷினிலும் பார்த்தோம். இரண்டிலும் பொட்டாசியம் சரி. "கையப் பொத்திப் பொத்தித் திறந்தவரா?" என்று யோகா அக்கா கேட்டார். ஓம் என்றேன். அப்படிச் செய்தால் தசைக்குள் இருக்கிற பொட்டாசியம் ரத்தத்துக்குள் வந்து கூட்டிக் காட்டும். அதனால்தான் "கைய லேசா விடுங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவோம். வீட்டுக்காரருக்கு மட்டும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

திரும்பி வரும்போது ஓட்டோவில் நான் அழுதேன். அவர் மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "ஊசியோட வந்து நிண்டா ஒன்ட முகத்தப் பாத்து ஆருக்குத்தான் கை விரியும்? இனி எனக்கு யோகா அக்கா ரெத்தம் எடுக்கட்டும், நீ வெளிய போய் மத்த ஆக்களோட கதிரையில இரி."

இதயம் தேறுகிறதா என்று சொல்ல நாலைந்து பரிசோதனைகள் தாராளமாகப் போதும், மிச்சம் எல்லாம் காத்திருக்கிற நம்முடைய பயத்துக்கு எடுக்கிற ரத்தம்தான் என்று இந்த வேலை எனக்கு நன்றாக விளங்கப்படுத்தியிருக்கிறது, ஆனாலும் அடுத்த கிளினிக்குக்கு சிஆர்பியை மட்டும் ஒரு தரம் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.